வைகா நிறுத்திய பஸ்

"அறுநூறு பேர் ஏறின பஸ்ஸை என் பேத்தி உள்ளங்கை அகல அட்டையால நிறுத்திட்டா! டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டான்!"

ஆட்டிசம் குழந்தைகளுக்கான 'கிளிக்கூடு' மையத்தின் வாசலிலேயே அறிவித்தார், ஓய்வுபெற்ற கண்டக்டர் நாணு. காத்திருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். மகள் ஷிம்னா சிரிக்கவில்லை.

"திமிங்கலத்துக்கு அரை டிக்கெட் கிழிச்சதா கதை விடற ஆளு நீங்க. இதுல மட்டும் விளையாடாதீங்க அச்சா."

ஷிம்னாவின் ஆறு வயது மகள் வைகாவுக்குப் பேச்சு வரவில்லை. வேண்டியதன் படத்தை எடுத்து இன்னொருவர் கையில் வைத்துக் கேட்க மையத்தில் எட்டு மாதமாகப் பழக்குகிறார்கள். அறைக்குள் ரஹ்மத் டீச்சரிடம் கொடுப்பாள். கதவைத் தாண்டினால் ஒருவரிடமும் கிடையாது. தான் இல்லாத இடத்தில் இவள் தாகம் யாருக்குத் தெரியும்? ஷிம்னாவை அரித்த கவலை அதுதான்.

டீச்சர் நோட்டைத் திறந்தார். "யார்கிட்ட குடுத்தா, நாணுவேட்டா?"

"கண்டக்டர்கிட்ட. பாஸுன்னு நினைச்சு திருப்பிக் குடுத்தான். இவ மறுபடி திணிச்சா. அப்புறம்தான் பாத்தான், ஊஞ்சல் படம்! வெளிய பார்க்குல ஊஞ்சல்! அடிச்சான் பாரு ஒத்தை மணி!"

"நீங்கதான் பஸ் ஏறினதும் குறட்டை விடுவீங்களே?" என்றாள் ஷிம்னா.

"மணிச்சத்தம் கேட்டா நான் சுடுகாட்டுலருந்தும் எழுந்து வருவேன்டி!"

"கேள்விப்பட்டதை இதுல எழுத முடியாது" என்றார் டீச்சர். "நாளைக்கு நீயும் போ ஷிம்னா. ஆனா உதவக்கூடாது. அவ முகம் மாறினாலே எல்லாத்தையும் நீயே எடுத்துக் குடுத்துடற. பாவம், கேக்க அவளுக்கு வாய்ப்பே இல்ல."

மறுநாள் அதே பஸ். ஷிம்னா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தூரத்தில் பார்க் தெரிந்தது. வைகாவின் விரல்கள் படபடத்தன. 'நிறுத்துங்க' என்று கத்த ஷிம்னா வாயெடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வைகா எழுந்தாள். சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். இடுப்புப் பையிலிருந்து அட்டையை உருவி, கண்டக்டரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"அடடே, நம்ம மேடமா! ஊஞ்சல்தானே?"

ஒற்றை மணி. பஸ் நின்றது.

"எண்ணிக்கோ, அறுநூறு பேர்!" நாணு சீட்டிலிருந்து துள்ளினார்.

ஷிம்னா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாப்பது பேர்கூட இல்ல அச்சா. டிரைவர் கும்பிடவும் இல்ல." குரல் உடைந்தது. "ஆனா நடந்துச்சு. நான் பாத்தேன்."