துப்பட்டா போட்ட சீட்டு

மாரிகுப்பத்தில் ரயில் ஏறியதும் ரூபாவதி ஜன்னலோர சீட்டில் துப்பட்டாவைப் போட்டாள். கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் டெய்சிக்காகத் தினமும் பிடித்துவைக்கும் இடம் அது. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நான்கு பெண்கள் வழியில் இயேசுவின் உவமைகளைப் படிப்பார்கள். இன்று நல்ல சமாரியன். விளக்கிச் சொல்வது ரூபாவதியின் முறை.

அதற்கு முந்தின சாம்பியன் ஸ்டேஷனில் காலில் கட்டுப் போட்ட ஒரு பெண் ஏறினாள். மற்ற சீட்டெல்லாம் நிறைந்திருந்தது.

"இங்க ஆள் வராங்களா?"

"வராங்க," என்றாள் ரூபாவதி.

அந்தப் பெண் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.

"அடிபட்டுக் கிடந்தவன ஆசாரியன் பார்க்காம போவல, பார்த்துட்டுத்தான் ஒதுங்கிப் போனான். அப்பேர்ப்பட்டவன் கோயில்ல இன்னா பேசி இன்னா பிரயோஜனம்?" என்று ரூபாவதி சூடாகச் சொல்லும்போதே போன் அதிர்ந்தது. டெய்சிக்குக் காய்ச்சலாம், இன்று லீவு.

துப்பட்டாவை அப்போதே எடுத்திருக்கலாம். ஆனால் பேச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது. முடித்துவிட்டு இடம் கொடுக்கலாம் என்று நினைத்தாள். லேவியன் வந்தான், அவனும் ஒதுங்கிப் போனான்; சமாரியன் வந்தான், எண்ணெய் வார்த்துக் காயத்தைக் கட்டினான். பங்காரப்பேட்டையும் வந்துவிட்டது.

ரூபாவதி அவசரமாகத் துப்பட்டாவை உருவினாள். அந்தப் பெண் அதற்குள் நொண்டிக்கொண்டே கதவருகே போயிருந்தாள். இறங்குமுன் திரும்பிச் சிரித்தாள்.

"நல்லா சொன்னீங்கக்கா. நின்னுனு வந்ததே தெரியல."