கட்டுப்படியாகாத யோக்கியம்

எங்கள் வீட்டில் ஒருவரை யோக்கியர் என்று சொன்னால் அது திட்டு. "வந்துட்டாரு பெரிய யோக்கியரு!" என்பேன், என் வீட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கு வராதபோது. பாராட்டாக அந்தச் சொல் என் வாயிலும் வந்ததில்லை, இவர் வாயிலும் வந்ததில்லை.

எங்களுடையது வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை. இவர் உள்ளே வேலை பார்ப்பார், நான் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயடிப்பேன். ஸ்பேனர் என்று நாங்கள் கூப்பிடும் ஒருவன் இவருக்குத் துணையாக இருந்தான். போன மாதம் இவர் ஒரு பழைய மோட்டாரைத் துடைத்துப் பளபளப்பாக்கி, புதுசு என்று மாட்டிவிட்டார். அந்த வீட்டம்மாவிடம் "அது பழசுக்கா" என்று போட்டு உடைத்துவிட்டான் ஸ்பேனர். அன்றைக்கே இவர் அவன் சீட்டைக் கிழித்தார். அவன் வீட்டில் கைக்குழந்தை. எனக்குத்தான் மனசே ஆறவில்லை.

நேற்று வேறொரு ரிப்பேர் கடைக்காரர் போன் செய்தார். ஸ்பேனர் அங்கே வேலை கேட்டிருக்கிறான். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"ஆள் யோக்கியமா?"

இவர் போனை வைக்கப் போனார். நான் முறைத்த முறைப்பில் வாயைத் திறந்தார்.

"யோக்கியமான ஆள்தாங்க."

"அப்புறம் ஏன் அனுப்பினீங்க?"

"அதனாலதாங்க."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பாவம், மனுஷனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அவ்வளவு யோக்கியம் நமக்குக் கட்டுப்படியாகாதுங்க," என்று வைத்துவிட்டார்.

அடப்பாவி! நல்லதைச் சொல்லப்போய் அவன் பிழைப்பில் மண் விழுந்துவிட்டதே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களே கூப்பிடுங்க அவனை. இப்பவே!" என்றேன்.

கூப்பிட்டார். "நாளைக்கு வேலைக்கு வந்துடுப்பா."

"வர்றேண்ணே," என்றான் ஸ்பேனர். கூடவே, "அப்ப மத்த வீடுங்கள்ல மாட்டின பழைய மோட்டாரெல்லாம்?" என்றான்.

மற்ற வீடுகளா! எனக்கே தெரியாத சங்கதி. இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதையெல்லாம் விடுடா."

"அப்ப வேணாம்ணே."

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறான்! போனைப் பிடுங்கினேன். "நீ வாப்பா. எல்லாத்தையும் மாத்திடலாம். அக்கா சொல்றேன்."

"கடை தாங்காதுடி," என்றார் இவர்.

"தாங்கற வரைக்கும் தாங்கட்டும்."

இவர் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்து, முதல் வீட்டுக்குப் போன் போட்டார்.