ஆஃப்சைடு இல்ல சார், என் தப்பு

1

இந்தக் கதை ஒரு கெட்ட வார்த்தையில் பிறந்தது. கத்தியவள் நான். வாங்கிக்கொண்டவர் இர்பானா, கால்பந்து உதவி நடுவர், கோட்டோரமாகக் கொடி பிடித்து ஓடுகிறவர். இடம், திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு மைதானம். மாவட்ட லீக் ஆட்டம். மஞ்சள் அணிக்கு என் தம்பி பிரவீன்ராஜ் கோல்கீப்பர். அந்த வார்த்தையை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அம்மா இதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காவிரியில் புதுத்தண்ணீர் வந்திருந்த ஒரு மாலையில், தென்றல் —"

அடித்துவிட்டேன். திருச்சி கதை என்றால் ஆற்றைக் கொண்டுவந்து ஊற்றியே ஆக வேண்டுமா?

பிறகு: "இர்பானாவின் கண்கள் கலங்கின. உதடுகள் —"

இதையும் அடித்துவிட்டேன். அவர் கண் கலங்கவே இல்லை. ஒரு பெண் தப்பு செய்ததும் அவளை அழவைத்துவிட வேண்டும் என்று என் கைக்குக்கூட யாரோ பழக்கிவைத்திருக்கிறார்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

3

இர்பானாவுக்கு அன்று தேர்வு. எடமலைப்பட்டி புதூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அவர். ஏழு வருடமாக மாவட்ட ஆட்டங்களில் கொடி பிடிக்கிறார். மாநில ஆட்டங்களுக்குப் போக வேண்டுமென்றால், மதிப்பீட்டாளர் ஒருவர் முழு ஆட்டத்தையும் பார்த்து நூற்றுக்குக் குறைந்தது எழுபது போட வேண்டும். அமிர்தசாமி என்ற ஓய்வுபெற்ற நடுவர் அதற்காகத்தான் தகரக் கூரையின் கீழ் அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். அடுத்த தேர்வு வருவதற்குள் இர்பானாவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி.

எண்பத்தெட்டாவது நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. சமனில் முடிந்தாலே மஞ்சள் அணி அடுத்த சுற்றுக்குப் போய்விடும். நீல அணி ஜெயித்தே தீர வேண்டும்.

உதவி நடுவரின் சங்கடம் இதுதான்: பந்து ஓரிடத்தில் இருக்கும், அவர் பார்க்க வேண்டிய கோடு, அதாவது தடுப்பவர்களில் கடைசி ஆள் நிற்கும் நேர்க்கோடு, வேறிடத்தில் இருக்கும். அதனால் கண்ணைக் கோட்டில் வைத்து, பந்து உதைபடும் சத்தத்தைக் காதால் பிடிப்பார்கள். இர்பானாவும் சத்தத்தைப் பிடித்தார். அந்த நொடியில் நீல அணிக்காரன் ஒருவன் எல்லாரையும் தாண்டி முன்னால் நின்றான். கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு.* அவனோ பந்தை வாங்கி வலைக்குள் தட்டிவிட்டான். அதன் பிறகுதான் நடுவர் அழகிரி கொடியைப் பார்த்து விசில் ஊதினார். கோல் செல்லாது. மஞ்சள் அணிக்கு ஃப்ரீ கிக்.

கொடியைப் பிடித்தபடியே இர்பானா, சத்தம் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கால் இன்னும் நீட்டியபடி இருந்தது. அந்தக் காலில் மஞ்சள் காலுறை.

* எதிரணியின் கோலருகே முன்கூட்டியே போய் நின்று, தன் ஆள் தரும் பந்தை வாங்கினால் குற்றம். எதிரணிக்காரனே தன் கீப்பருக்குத் தட்டிவிட்ட பந்து கிடைத்தால் குற்றமில்லை. கோல் செல்லும்.

 விசில் கோலுக்கு முந்தியிருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுபோயிருக்கும். கோலைத் திருப்பித் தந்திருக்கவே முடியாது.

4

(இடையில் ஒரு எரிச்சல். கதை மட்டும் போதும் என்பவர்கள் ஐந்துக்குப் போய்விடுங்கள்.)

கல்லூரி மூன்றாம் வருடத்தில் ஒரு தாளில் எனக்குப் பதினான்கு மதிப்பெண் வந்தது. மறுகூட்டலுக்குப் போட்டேன். மூன்று மாதம் கழித்து நாற்பத்தொன்று என்று வந்தது. எண்ணை யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு வரி விளக்கம் கிடையாது, வருத்தம் கிடையாது. அந்த மூன்று மாதமும் அம்மா என்னிடம், "நீதான் சரியா எழுதலையோ என்னமோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தப்பு செய்தவர் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

அதனால்தான் இந்த இர்பானாவை என்னால் விட முடியவில்லை.

5

விதி என்னவென்றால், அடுத்த உதை நடக்கும்வரைதான் நடுவர் முடிவை மாற்றலாம். பந்து உதைபட்டுவிட்டால் தப்பும் சரிதான். ஆகவே இர்பானா சும்மா இருந்தால் போதும். நடுவர் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு விளங்கவில்லை. அமிர்தசாமிக்குத் தூரம் அதிகம்.

பந்து என் தம்பியிடம் இருந்தது. உடனே உதைத்திருந்தால் சமன், அடுத்த சுற்று. ஆனால் அவன் பெரிய சாமர்த்தியசாலி. நேரத்தைக் கடத்துகிறானாம். பந்தை வைத்தான், எடுத்தான். துடைத்து மறுபடி வைத்தான். கையுறையைச் சரிசெய்தான். நான் வேறு இங்கிருந்து, "மெதுவா தம்பி, மெதுவா!" என்று கத்தினேன்.

இர்பானா கொடியை ஆட்டினார். அழகிரி முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். மாவட்ட ஆட்டத்தில் காதில் மைக்கா இருக்கிறது? இர்பானா கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார்.

"சார்! எடுக்க விடாதீங்க சார்!"

அழகிரி விசிலடித்து என் தம்பியை நிறுத்தினார். "என்னம்மா?"

"ஆஃப்சைடு இல்ல சார், என் தப்பு. பின்னாடி தட்டிவிட்டது மஞ்சள் பையன்."

"நல்லாப் பாத்தியா?"

"கொடி தூக்குறப்ப பாக்கல சார். தூக்குனப்புறம் பாத்தேன்."

அழகிரி குரலைத் தாழ்த்தினார். "அங்க அமிர்தசாமி சார் எழுதிட்டிருக்காரும்மா."

"எழுதட்டும் சார். நீங்க கோலைக் குடுங்க."

அழகிரி ஐம்பது வயதுக்காரர், தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து நேராக வந்தவர். சற்று முன்பு தானே சொன்ன முடிவை எல்லார் முன்னாலும் மாற்றினால் தன் தலைதான் உருளும் என்று அவருக்குத் தெரியும். நடுவட்டத்தை நோக்கிக் கையை நீட்டினார். கோல்.

மஞ்சள் அணி மொத்தமும் அவரைச் சூழ்ந்தது. கேப்டன் நெஞ்சோடு நெஞ்சாக வந்து நின்றான். "யாரு சார் ரெஃப்ரி? நீங்களா, அந்தக்காவா?"

"நான்தான். மொதல்ல தப்பாச் சொன்னவனும் நான்தான். தள்ளி நில்லு, கார்டு எடுக்க வெச்சிடாத."

இர்பானாதான் கொடி தூக்கினார் என்று அழகிரி சொல்லவில்லை. கவனித்தீர்களா? எழுதும்போதுதான் நானே கவனித்தேன்.

இர்பானா கோட்டுக்குத் திரும்பி நடந்தார். "கண்ணு தெரியலேன்னா வீட்ல கிடக்கறதுதானே!" என்று ஒருவன் கத்தினான். என் வார்த்தையும் அப்போதுதான் போய் விழுந்தது. அவர் திரும்பவில்லை. கடைசி ஆளுக்கு நேராகப் போய் நின்றுகொண்டார். இன்னும் இரண்டு நிமிட வேலை பாக்கி இருந்தது.

6

இர்பானா எதற்காகச் சொன்னார்? இந்த இடத்தில் அவருக்கு ஒரு பெரிய காரணம் எழுதிப் பார்த்தேன். சிறுவயதில் அவருடைய வாப்பா ஒருநாள் —

பொய். அடுத்த வாரம் அவர் பள்ளிக்கே போய்க் கேட்டேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"வாங்க. உங்க குரல் மைதானம் பூரா கேட்டுச்சே. தொண்டை சரியாயிடுச்சா?"

மன்னிப்பு கேட்டேன். கையை ஆட்டி அதை ஒதுக்கினார்.

"ஏங்க சொன்னீங்க?"

"கீப்பர் பந்தை ரெண்டாவது தடவையா எடுத்து வெக்கிறாரு. சொல்ல டைம் இருக்கு. டைம் இருக்கறப்ப எப்படிங்க சும்மா நிக்கிறது?"

"அவன் டக்குனு அடிச்சிருந்தா?"

"முடிஞ்சப்புறம் அழகிரி சார்கிட்ட சொல்லிருப்பேன். கோல் வந்திருக்காது, ரிப்போர்ட்ல ஏறியிருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "பயமாத்தாங்க இருந்துச்சு. அதை எழுதுங்க. நான் என்னமோ பெரிய இவ மாதிரி எழுதிடாதீங்க."

எழுதிவிட்டேன். ஆனாலும் அவர் பெரிய இவர்தான்.

7

முடிவு.

(அ) அமிர்தசாமி எழுந்து வந்து கைகுலுக்குகிறார். தேர்ச்சி. உங்களுக்கு நிம்மதி. உண்மையைச் சொன்னால் பரிசு கிடைக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பி வீட்டுக்குப் போவீர்கள். எனக்கு இது பிடிக்கவில்லை.

(ஆ) தோல்வி. இர்பானாவைத் தியாகி ஆக்கி ஒரு பெருமூச்சு விட்டு மறந்துவிடுவீர்கள். இது அதைவிடப் பிடிக்கவில்லை.

நிஜத்தில் ஆட்டம் முடிந்ததும் அமிர்தசாமி அவரைக் கூப்பிட்டார். தாளில், 'ஆட்டத்தின் முடிவைப் பாதிக்கும் தவறு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போட்டால் ஐந்து மதிப்பெண் போய்விடும். தவறைத் தானே திருத்தினால் என்ன செய்வது என்பதற்குக் கட்டமே இல்லை.

"எழுபத்திரண்டு வரைக்கும் வந்துட்டம்மா," என்றார். "இதை நான் எங்க எழுதறது?"

"கொடி தூக்குனது தப்புதானே சார்," என்றார் இர்பானா.

அமிர்தசாமி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவர் என்ன போட்டார் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லமாட்டேன். இந்தாருங்கள் தாள். எழுபத்திரண்டு, ஒரு கட்டம், ஒரு பேனா. இர்பானா எதிரே நிற்கிறார், கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. நீங்கள் போடுங்கள். போட்டுவிட்டு அடியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள், புரிகிற கையெழுத்தில்.