சத்தாரின் மூன்றாவது கபூல்

ஆம்பூர் சத்தார் காலையில் பேசியது ஊராருக்குச் சாயங்காலம்தான் கேட்கும். வாய் அசைந்து சரியாக ஏழு மணி நேரம் கழித்து, பேசிய இடத்திலேயே, அவர் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரல் வந்து சேரும். 1911 மார்கழியில் தொடங்கிய இந்த வழக்கம் மழையிலும் வெயிலிலும் ஒரு நிமிஷம் பிசகியதில்லை. மெட்ராஸ் ரயிலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒரே ஒரு குறை, பத்து வார்த்தை புறப்பட்டால் ஒன்பதுதான் வரும். மிச்சம் எங்கே போயிற்று என்று ஊரில் யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை, வஜீதாவைத் தவிர. அவள் வாணியம்பாடி கவுஸ் பாஷாவின் மகள், சத்தாருக்கு மாமன் மகள், அவருக்கென்றே நிச்சயமானவள். அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

எல்லாம் மூக்கை நம்பியதால் வந்த வினை. சத்தாரைப் போலத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு மூக்குதான் காவல்காரன். சுண்ணாம்புத் தொட்டி கெட்டால் நாற்றம் சொல்லிவிடும், தோல் அழுகினால் நாற்றம் சொல்லிவிடும். ஆகவே நாறாத எதுவும் கெடுதல் செய்யாது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்த வருஷக் கார்த்திகையில் பன்னிரண்டு நாள் அடைமழை. ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறி எழுந்த ஆட்டுத்தோல்கள் காயாமல் பூஞ்சை பிடிக்கத் தொடங்கின. மேஸ்திரி அதாவுல்லா காயப்போடும் அறைக்குள் நான்கு சட்டி கரி நெருப்பை வைத்து, சூடு வீணாகக் கூடாதென்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரக் கோணியைத் திணித்து, தோலைத் திருப்பிப் போடச் சத்தாரை உள்ளே அனுப்பினார். "புகையும் இல்ல, நாத்தமும் இல்ல. இன்னா ஆயிடப் போவுது?" என்றார். சத்தார் பாதித் தோலைத் திருப்பினார், தலை வலித்தது, சற்றே உட்கார்ந்தார், அவ்வளவுதான். நடுப்பகல் தொழுகைக்குக் கூப்பிடப் போன அதாவுல்லாதான் அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அன்றைக்கே அந்த அறையின் வாசலையும் ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்துத் தன் கையாலேயே பூசினார். பூசும்போது குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இரண்டாம் நாள் சத்தார் எழுந்து கஞ்சி கேட்டார். மூன்று வாரம் கல்லுக்குண்டு மாதிரி நடமாடினார். ஊரும் நிம்மதியாக மறந்துவிட்டது. இருபத்திரண்டாம் நாள் காலையில் எதிரே வந்தவருக்குச் சலாம் சொன்னார், சத்தம் வரவில்லை. நடை சின்னச் சின்ன அடியாகச் சுருங்கிற்று. கை நடுங்கிற்று. முகம் பலகையாகிவிட்டது, சிரிப்புகூட ஏழு மணி நேரம் கழித்துத்தான் அதில் வந்து உட்கார்ந்தது, இதனால் இரண்டு துக்க வீடுகளில் சிரித்துவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். முந்தாநாள் நடந்தது நினைவில் தங்காது. வேலூரிலிருந்து வந்த வெள்ளைக்கார டாக்டர், கரி நெருப்பில் மூக்குக்கும் கண்ணுக்கும் பிடிபடாத ஒரு விஷக்காற்று உண்டு, அது ரத்தத்தில் ஏறி மூளையைத் தொடும், தேறிவிட்டார் என்று நினைத்த பிறகே சிலருக்குத் தன் வேலையைக் காட்டும் என்று விளக்கினார். நடுக்கமும் மறதியும் அவர் புத்தகத்தில் இருந்தன, குரல் சமாச்சாரம் இல்லை. தான் காலையில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வரும்வரை சாயங்காலம் மட்டும் காத்திருந்து, எழுதிக்கொண்டு போனார். சத்தாருக்கு வேலை போகவில்லை. நடுங்கும் விரல் தோலைத் தொட்டதும் நின்றுவிடும். தரம் பிரிக்கும்போது வாயால் சொல்வதோடு தோலின்மேல் சாக்கட்டியாலும் குறித்தார்.

சிக்கல் கல்யாணத்தில் வந்தது. "கபூல்" என்று மாப்பிள்ளை பெண்ணை ஏற்றுச் சொல்வது சபை கலைவதற்குள் சாட்சிகளின் காதில் விழ வேண்டும். தலையாட்டினால் போதாதா என்று சத்தார் தரப்பில் கேட்டார்கள். காஜி அப்துல் ஹமீத் தாடியைத் தடவிக்கொண்டு, "சைகை ஊமைக்குத்தான் பாய். இவருக்குக் குரல் இருக்குது, லேட்டாதான் வருது" என்றார். கவுஸ் பாஷாவுக்கு இது நல்ல சாக்காகப் பட்டது. "பேஜாரே வேணாம் வஜீதா, வேற இடம் பாக்கறேன்" என்றார். சிறு வயதில் பாலாற்று மணலில் தன்னோடு ஊற்று தோண்டிய பையனை வஜீதா விடுவதாக இல்லை. "அவரு சொல்லட்டும்ப்பா. அது வந்து சேர்ற வரைக்கும் சபை எழுந்திருக்காம இருந்தா போச்சு. ஏழு மணி நேரம் உக்காந்தா இன்னா, தேஞ்சா போயிடுவாங்க?"

அப்படியே நடந்தது. காலை ஒன்பது மணிக்கு வாணியம்பாடிப் பந்தலில் சத்தாரின் வாய் வழக்கப்படி மூன்று முறை அசைந்தது. முந்நூறு பேர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பிரியாணி அங்கேயே வந்தது, ஆற்காட்டிலிருந்து கூடை கூடையாக வந்த மக்கன் பேடா இனிப்பும் வந்தது. தொழுகையைப் பந்தலிலேயே முடித்தார்கள். அவசரமானவர்கள் துண்டை இடத்தில் போட்டுவிட்டுப் போய் வந்தால் எழுந்ததாகாது என்று காஜி தீர்ப்புச் சொன்னதில் பலருக்கு உயிர் வந்தது. திரைக்குப் பின்னால் வஜீதாவுக்கு மட்டும் ஒரு பேடாகூட இறங்கவில்லை. பத்தில் ஒன்று தொலையுமே, இந்த மூன்றும் தொலைந்துவிட்டால்? மணி நான்கடித்தது. "கபூல்" என்றது பந்தலின் நடுவில் ஒரு குரல். மறுபடி "கபூல்." ஊரே மூன்றாவதுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வரவில்லை. "சட்டத்துக்கு ஒண்ணு போதும், எழுந்திருங்க" என்று காஜி எழுந்து முட்டியை நீவிக்கொண்டார்.

சட்டத்துக்குப் போதும், வஜீதாவின் அண்ணி குர்ஷித்துக்குப் போதவில்லை. "ஒண்ணு காஜிக்கு, இன்னொண்ணு ஊருக்கு. மூணாவதுதான் பொண்ணுக்கு, அது வரல பாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனால் பலகை முகத்துக்காரரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அது முள்ளாகத் தைத்தது. மனசார ஏற்றாரா, நிச்சயம் செய்த பாவத்துக்காகத் தலையைக் கொடுத்தாரா? கேட்டால் பதில் அடுப்படியில் சாயங்காலம் வரும்: "சொன்னேன்." சில நாள், "சொன்னேனா?" அந்தப் பாழாய்ப்போன மறதி. நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள், பெரிய சண்டை வந்து போயிற்று, தோல் விலை ஏறி இறங்கிற்று. சிரிப்பும் சண்டையுமாக வாழ்க்கை நன்றாகவே ஓடிற்று. அந்த முள் மட்டும் வஜீதாவின் நெஞ்சில் இருந்த இடத்திலேயே இருந்தது.

1934இல் ஒருநாள், ஷாப்பில் பட்டைச் சக்கை அள்ளும் கண்ணம்மாள் அடுப்புக்குச் சக்கை கொண்டுவந்து போட்டபோது சொன்னாள்: "அந்த அடைச்ச ரூம்பு செவுத்துல காது வெச்சேம்மா. உள்ள ஆரோ பேசறாங்க. நம்ம பாய் குரலாட்டமே கீது." வஜீதா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாள் காலை திரை கட்டிய வண்டியில் கணவரோடு ஷாப்பில் வந்து இறங்கினாள். இருபத்து மூன்று வருஷமாக அந்தப் பக்கமே திரும்பாத அதாவுல்லா கிழவர் கையைக் கூப்பினார். "வேணாம் தங்கச்சி. அந்த ரூம்பு ஒரு தடவ அவனை வாங்கிடுச்சு."

"வாங்கினதத்தான் திருப்பிக் கேக்க வந்திருக்கேன் அண்ணே."

கிழவர் யாரிடமும் கடப்பாரையைக் கொடுக்கவில்லை. முதலில் ஜன்னல்களை இடித்தார், ஒரு நாழிகை காற்றோட விட்டார், பிறகு வாசலை இடித்தார். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் கடைசிச் செங்கல் விழுந்ததும் வார்த்தைகள் வெளியே வந்தன. 'உப்பு' வந்தது. 'ரெண்டாந்தரம்' ஐம்பது அறுபது தடவை வந்தது. பிள்ளைகளின் பெயர்கள், ஒரு 'குடை', பெருநாள் வாழ்த்தின் நடுப்பகுதி, சண்டையில் விழாமல் போன ஒரு நல்ல வசவு. கண்ணம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாவற்றுக்கும் கடைசியில், இருபத்து நான்கு வயதுக் குரலில், நடுக்கமில்லாமல், சிரிப்பை அடக்க முடியாத ஒரு 'கபூல்' வந்தது. வாணியம்பாடியிலிருந்து பத்து மைல் வந்து, உள்ளே காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வஜீதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "கேட்டுச்சுங்க" என்றாள். சத்தாரின் பலகை முகத்தில் ஒன்றும் அசையவில்லை, வாய் மட்டும் என்னவோ சொல்லிற்று. அவள் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தாள். ஷாப்பில் ஒருவரும் எழுந்து போகவில்லை. அதாவுல்லா துண்டை இடத்தில் போட்டுவிட்டு ஒரே ஒருமுறை போய் வந்தார். மணி நான்கடித்தது. "சந்தோஷத்துல சத்தமா சொன்னேன் வஜீதா, அதான் வழி தப்பிடுச்சு போல" என்றது குரல். ஒரு வார்த்தை குறையவில்லை. பிறகு சிரிப்பும் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து சத்தாரின் பேச்சு ஏழு மணி நேரம் கழித்தே வந்தாலும் பத்துக்குப் பத்தாக வந்தது. அந்த அறையில் மறுநாளே தோல் காயப்போட்டார்கள், ஜன்னல்களைத் திறந்து வைத்து.