ஆப்ரிகாட் நிறச் சதுரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை மனிதாபிமானத்தில் பிறந்ததல்ல. பேருந்திலிருந்து என் வீட்டுச் சுவரைத் தேடி ரசிக்கும் கெட்ட பழக்கத்தில் பிறந்தது. பெர்னிக் நகரில் எங்கள் எட்டு மாடிக் கட்டடம், பழைய அரசு ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட். அந்த அரசு போய் வீடுகள் அவரவர் சொத்தானபின், காசிருந்தவர்கள் தங்கள் பங்கு வெளிச்சுவரில் மட்டும் குளிர் தாங்கும் நுரைப்பலகை ஒட்டி, பிடித்த வண்ணம் பூசிக்கொண்டார்கள். ஐந்தாம் மாடியில் தெரியும் ஆப்ரிகாட் நிறச் சதுரம் என்னுடையது. அதற்கு நேர் கீழே ருமியானா அக்காவின் சுவர், வெறும் சாம்பல்.

(பலகை வாங்கிய பணம், நகரங்களின் ஏற்றத்தாழ்வு பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு வந்த பரிசு. இதை அடிக்குறிப்பில் போட நினைத்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால்தான் நினைத்தேன்.)

2

முதல் தொடக்கம்: 'ஓய்வுபெற்ற பொறியாளர் ஹ்ரிஸ்தோஸ்கோவ் கல்நெஞ்சர். அவர்...'

இல்லை. அப்படியொருவர் எங்கள் கட்டடத்தில் கிடையாது. கட்டடம் முழுவதற்கும் அரசு செலவில் பலகை ஒட்டும் திட்டம் வந்திருக்கிறது. நாற்பது வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். ஒரே ஒருவர் போடவில்லை. அந்த ஒருவருக்கு வழுக்கைத் தலையும் ஒரு நாயும் கொடுத்துப் பார்த்தேன். நாய் மட்டும் நன்றாக வந்தது. அந்த ஒருவர் நான்தான்.

3

நேற்று ருமியானா அக்கா வந்தார். ஒரு கையில் குடைமிளகாய்த் தொக்கு, மறு கையில் படிவம்.

"என்ன எழுத்தாளரம்மா, இன்னும் யோசனையா?"

"சாரம் கட்டினா மூணு மாசம் சன்னலத் திறக்க முடியாதாம்க்கா. என் சுவரையும் உரிச்சிட்டு, எல்லாத்துக்கும் ஒரே வெள்ளையா..."

"எங்க வடக்கு ரூமுக்கு இப்பவே ரெண்டு கலரு. மேல கறுப்பு, கீழ பச்சை. எல்லாம் பூஞ்சை. வந்து பாரு, டிக்கெட்டெல்லாம் கேக்க மாட்டேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு இருமல் நிக்கல. கட்டில சமையலறைக்கு இழுத்தாச்சு. நாளைக்குத்தான் கடைசி நாள். காலைல வர்றேன். தாளு ஒண்ணுதான் இருக்கு, பத்திரம்."

4

அவர் போனதும் எனக்குள் ஏதோ ஒன்று...

(இந்த வாக்கியத்தை முடித்தால் நான் நல்லவளாகிவிடுவேன். விட்டுவிடுகிறேன்.)

என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து அவரைப் பற்றி எழுதினேன். இருமல் அருமையாக அமைந்தது. தாள் தீர்ந்தபோதும் நிறுத்தவில்லை. கைக்கு எட்டியதை இழுத்து, இதையே முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

5

முடிவு ஒன்று: பொறியாளர் மனம் மாறுகிறார். வெளியே மழை. (மழை வேண்டாம்.)

முடிவு இரண்டு: மாறவில்லை. வசந்தம் வருவதற்குள் ருமியானாவின் கணவர்...

இதுதான் அழகாக வந்தது. அதனால்தான் பயந்துபோய் நிறுத்தினேன்.

6

கதவைத் தட்டுகிறார்.

"எழுத்தாளரம்மா! தாளக் குடு, ஆபீஸ் திறந்திருப்பாங்க."

"ரெண்டு நிமிஷம்க்கா!"

தேடுகிறேன். என் கைக்கு அடியில்தான் இருக்கிறது. நேற்றிலிருந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பதே அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில்தான். முன்பக்கம் முப்பத்தொன்பது கையெழுத்து, ஒரு காலிக் கோடு. பேருந்தில் போகும்போது அக்கா இதைப் படிப்பார். நாயைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். இருமல் அருமையாக அமைந்தது என்ற வரியும் அங்கேயேதான் இருக்கும். கோடு போட்டு அடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

முடிவை உங்களிடம் விடலாமென்றிருந்தேன். ஆனால் நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள். முடிவு முன்பக்கத்துக் கோட்டில்தான் இருக்கும்; நீங்கள் திருப்பினால் வேறு யாருடைய கதையோதான் வரும். தாள் அவர் கைக்குத்தான் போகிறது. இந்தப் பக்கத்தில் இனி ஒரு வரிக்குத்தான் இடம்.

அக்கா, திருப்பிப் பாருங்க.