டோர்க்கஸ் முகத்தின் குறுக்கே இரண்டு கோடுகள்

1

பாஸ்டனில் என் எழுத்து மேசைக்கு மேலே ஒரு செப்புத் தகட்டு அச்சுப்படம் தொங்குகிறது. சமையற்கட்டு வாசலில் ஒரு சிறுமி பட்டாணி உரிக்கிறாள். மூலைக்கு மூலை ஓடும் இரண்டு கோடுகள் அவள் முகத்தில் வெட்டிக்கொள்கின்றன. கீழே பென்சிலில் 'எல். ஹாஸ்கின்ஸ், 1886'. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

லெமுவேல் ஹாஸ்கின்ஸ் கடலோரத்தில் பிறந்து... (வேண்டாம். பிறப்பிலிருந்து தொடங்கினால் எனக்கே தூக்கம் வருகிறது.)

பத்திரிகைகளுக்குக் கப்பல் விபத்தும் இடுப்புக்கச்சை விளம்பரமும் வரைந்து வரைந்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் அவர். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்தெடுத்த இந்த ஒரு படம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சிறுமி அவர் மகள் டோர்க்கஸ். முகத்தைக் கொண்டுபோய் நட்டநடுவில் வைப்பார்களா என்று சக ஓவியர்கள் கேலி செய்தார்கள். அவர் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் கண்டு டோர்க்கஸ் இறந்தாள். (கொன்றது நான். கதைக்கு வேண்டியிருந்தது. சொல்லவே கூசுகிறது.)

3

ஒப்பந்தப்படி நூறு படம் அச்சானதும் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடுவது தொழில் வழக்கம். இனி அச்சாகாது என்பதற்கு அத்தாட்சியாக, கீறிய தகட்டிலும் ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். பதிப்பாளர் பிரூயிட் நல்ல மனிதர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தகட்டோடு வீட்டுக்கே வந்தார். ஓரத்தில் கீறினால் போதாதா என்று லெமுவேல் கெஞ்சினார். ஓரத்தை வெட்டிவிட்டு மறுபடி அச்சடித்துவிடலாமே, மூலைக்கு மூலைதான் என்றார் பிரூயிட்.

லெமுவேலின் மனைவி பிலீனா கையை நீட்டினாள்.

"ஊசிய எங்கிட்ட குடுங்க. நீங்க கீறிட்டீங்கன்னா, அப்புறம் அந்தக் கையால ரொட்டிய எடுத்து நீட்டும்போது என்னால வாங்க முடியாது."

4

பிலீனாவே கீறினாள் என்று முடிக்கத்தான் ஆசைப்பட்டேன். எழுதியும் விட்டேன். பிறகு படத்தைப் பார்த்தேன். பழகாத கையில் ஊசி செம்பின் மேல் வழுக்கும். இந்தக் கோடுகள் வழுக்கவில்லை. நடுங்கக்கூட இல்லை.*

(* அளவுகோல் வைத்துக் கீறியிருக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். கோட்டில் ஊசி பிடித்துப் பழகிய மணிக்கட்டின் மெல்லிய வளைவு இருக்கிறது.)

5

மறுநாள் காலைச் சாப்பாட்டில் லெமுவேல் ரொட்டியை எடுத்து நீட்டினார்.

பிலீனா வாங்கிக்கொண்டாள்.

பிலீனா வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டில் ஒன்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். காலையிலிருந்து பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கை வரவில்லை. நீங்களே அடித்துவிடுங்கள்.