ஒரு துளை இறுக்கம்

காலையில் எழுந்ததும் கணவரின் இடது கையைத் தொட்டுப் பார்ப்பதுதான் ஹபீபாவின் முதல் வேலை. பல் துலக்குவதெல்லாம் அதற்கப்புறம். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மன்சூர் அலிக்கு, அந்தக் கையில் முழங்கைக்குக் கீழே ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தமனி ரத்தம் வேகமாகப் பாய்ந்து பாய்ந்து அந்தச் சிரை விரல் பருமனுக்குத் தடித்துவிட்டது. வாரம் மூன்று நாள் அதில்தான் ஊசி ஏற்றி ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். அதன்மேல் விரலை வைத்தால், பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுவதுபோல விர்ரென்று அதிரும்.

இன்றைக்கு அதிரவில்லை.

விரலை மாற்றி மாற்றி வைத்தாள். குனிந்து காதை வைத்தாள். ஒன்றுமில்லை. சட்டைக் கையை மேலே தள்ளினாள். நேற்று மாலை அவள் கட்டிய தோல்பட்டி, புஜத்துச் சதையில் புதைந்து கிடந்தது.

சொந்த ஊர் மேலப்பாளையத்திலிருந்து அவள் அண்ணன் அனுப்பிய தாயத்து அது. தாராவியில் ஹபீபாவுக்கும் மன்சூர் அலிக்கும் பெல்ட் பட்டறை. மிச்சத் தோலில் அவளே சின்ன உறை தைத்து, பட்டி வைத்து, பக்கிள் பூட்டினாள். டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பில் மன்சூர் அலி அடித்துப் போட்டாற்போல் உறங்கியதும், சத்தமில்லாமல் கட்டிவிட்டாள். கடிகாரம் கூடாது, வளையல் கூடாது, எடை தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். தைத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே கட்டினால் என்ன ஆகிவிடும்?

பட்டியை அவிழ்த்துப் பர்சுக்குள் போட்டாள். பிறகுதான் அவரை எழுப்பினாள்.

"ஏங்க, எந்திரிங்க. கையில ஓட்டம் இல்ல."

அவர் தொட்டுப் பார்த்தார். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. "ராத்திரி இந்தப் பக்கமா சாஞ்சு படுத்துட்டேன் போல. எம்புத்திய என்ன சொல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் பர்சை எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடிக்க ஓடினாள்.

டாக்ஸி தொண்ணூறடி சாலையில் டெம்போக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. "பைய்யா, ஜல்தி! பேஷண்ட் ஹை!" என்று அவள் ஓட்டுநரை அவசரப்படுத்திக் கத்தினாள். ஓட்டுநர் பாவம், பறக்கவா முடியும்? மன்சூர் அலி கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். வலது கையில் முதலில் தைத்தது இரண்டு வருஷத்துக்கு முன்பே அடைத்துப் போயிருந்தது. இதுவும் போனால் கழுத்தில் குழாய்தான்.

"ஜெயராமுக்குக் கழுத்துலதான போட்டாங்க" என்றார் மெதுவாக. பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் செய்துகொண்டவர் ஜெயராம். குழாய் வழியாகக் கிருமி ஏறி, நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க. அல்லா இருக்கான்" என்றாள். சொல்லும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது. பர்சு மடியில் பாறையாகக் கனத்தது.

மாட்டுங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் சாருலதா கை நெடுக ஸ்கேன் கருவியை ஓட்டினார். புஜம் வரைக்கும் ரத்தம் உறைந்து நின்றிருந்தது. பட்டியின் தடம் வழியிலேயே மறைந்துவிட்டிருந்தது. டாக்டரின் நெற்றி சுருங்கியது.

"நேத்திக்கு நன்னா ஓடிண்டிருந்ததே. கையில ஏதாவது கட்டியிருந்தேளா?"

"இல்ல டாக்டர். அதுல ஹபீபா ரொம்ப கண்டிப்பு. ஒரு ஈ உக்கார விடமாட்டா" என்றார் மன்சூர் அலி.

டாக்டர் ஹபீபாவைத் தனியே அழைத்தார். "காரணமே இல்லாம நின்னுருக்குன்னா அந்த சிரை உள்ளுக்குள்ளயே சுருங்கி வீணாயிடுத்துன்னு அர்த்தம். கீறி அடைப்பை எடுத்தாலும் சாயங்காலத்துக்குள்ள திரும்ப அடைச்சுக்கும். அவரை வீணா வதைக்க வேண்டாம்னு பாக்கறேன். கழுத்துல குழாய் போட்டுடலாமா?"

சொன்னால் மன்சூர் அலி முகத்தில் இனி எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால், விழிக்க முகம் இருக்குமா?

பர்சைத் திறந்து தோல்பட்டியை மேஜைமேல் வைத்தாள். "நாந்தான் கட்டுனேன். புஜத்துல. ராத்திரி பூரா இருந்திச்சு."

டாக்டர் அதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டார். கோபத்தை விழுங்குவது தெரிந்தது.

"தச்ச எடத்துக்கு மேலதான கட்டுனேன்? ரத்தம் மேலருந்து கீழதான வருது?" என்று கேட்டாள் ஹபீபா.

"கீழ வர்றது தமனி வழியா. அது ஆழத்துல இருக்கு, நீங்க கட்டினது அதை நிறுத்தாது. சிரை தோலுக்கு அடியிலயே இருக்கு. அது வழியா ரத்தம் மேல இதயத்துக்குத் திரும்பறது. போற வாசலைச் சாத்திட்டேள். டயாலிசிஸ் ஆன அன்னிக்கு பிரஷரும் கம்மியா இருக்கும். தேங்கி உறைஞ்சு போயிடுத்து." டாக்டர் எழுந்தார். "ஆனா அப்படின்னா சிரை நல்ல சிரை. அடைப்பை எடுத்துப் பாக்கலாம். சொன்னேளே, அதுவரைக்கும் பிழைச்சோம்."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மன்சூர் அலி, டாக்டர் கையிலிருந்த பட்டியைப் பார்த்துவிட்டார். அதைக் கேட்டு வாங்கினார். யார் தைத்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கிள் மாட்டிய துளையில் தோல் மடங்கியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஒரு துளை இறுக்கிப் போட்டியாளா?" என்று, எப்போதும் அவளைக் கூப்பிடும் அந்த 'ளா' மாறாமலே கேட்டார்.

"ஆமா." அவளால் நிமிர முடியவில்லை. "தோலு போகப்போக இழுத்துத் தளந்துரும், ஒரு துளை இறுக்கியே போடணும்னு நீங்கதான சொல்லுவீங்க. பட்டறையில போடுத மாதிரியே போட்டுட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டரை மணி நேரம். ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள். பாதியில் மறந்தது. யாரோ டீ வாங்கித் தந்தார்கள். ஆறிப்போய் ஏடு படிந்தது. கதவு திறந்ததும் எழுந்து ஓடினாள்.

"அடைப்பை எடுத்தாச்சு. ஓடறது, ஆனா பலமில்லை. நாளைக்குக் காத்தால வரைக்கும் நின்னாத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

மன்சூர் அலியின் உதடுகள் வெளுத்திருந்தன. கட்டுப் போட்ட கையை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"பாரு."

"நான் மாட்டேன். நர்ஸு பாக்கட்டும்."

"நீதான் பாக்கணும். தெனம் யாரு பாப்பா?"

கட்டுக்கு வெளியே தெரிந்த இடத்தில் விரல்களை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எங்கோ ஆழத்தில், இருக்கிறதா இல்லையா என்பதுபோல, ஓர் அதிர்வு. விட்டால் ஓடிவிடும் என்ற பயத்தில் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பற்றினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஹபீபா" என்றார் அவர். "இறுக்காதளா."